மொனோங்காகிலா பள்ளத்தாக்கின் உருக்காலைகள்: மூடியது யார்?

ஆற்றங்கரையான் எழுதியது:

நான் இருப்பது பிட்ஸ்பர்க் புறநகரில். பென் ஹில்ஸ் வெங்கடேஸ்வரர் கோயிலுக்கு வந்து போகும் நம் ஆட்கள் பலருக்கு, கோயிலிலிருந்து கொஞ்ச தூரத்தில் ஊதுலை (தாதுவை உருக்கி இரும்பு எடுக்கும் உலை) இன்னும் எரிந்துகொண்டிருப்பது தெரியாது. பிராடக் ஊரில் இருக்கும் எட்கர் தாம்சன் ஆலை அது. ஆண்ட்ரூ கார்னகி 1875ல் தொடங்கியது. 1901ல் வங்கியாளர் ஜே.பி. மார்கன் யு.எஸ். ஸ்டீல் கம்பெனியை உருவாக்கியபோது அதற்குள் போனது. இன்றும் ஓடுகிறது.

ஆனால் அதைச் சுற்றி இருந்தவை எல்லாம் போய்விட்டன. பிட்ஸ்பர்க்கிலிருந்து மொனோங்காகிலா ஆற்றை எதிர்த்து மேலே போனால் சவுத் சைடு, ஹோம்ஸ்டெட், ரான்கின், பிராடக், டுகேன், மெக்கீஸ்போர்ட், கிளேர்ட்டன், டொனோரா, மோனெசன் என்று வரிசையாக ஊர்கள். ஆலைகளை நம்பியே வளர்ந்தவை. டுகேனின் ஊதுலை 1984ல் அணைந்தது. ஹோம்ஸ்டெட், மோனெசன் 1986. மெக்கீஸ்போர்ட்டின் நேஷனல் டியூப் 1987. மிஞ்சியது எட்கர் தாம்சன், கிளேர்ட்டன் கோக் ஆலை (கோக் என்பது ஊதுலைக்காக நிலக்கரியைச் சுட்டு எடுக்கும் எரிபொருள்), மலைமேல் இருக்கும் இர்வின் தகடு ஆலை, அவ்வளவுதான்.

இங்கே யாரைக் கேட்டாலும் "ஜப்பான்காரன் மலிவாக விற்றான்" அல்லது "யூனியன் சம்பளத்தை ஏற்றிக் கெடுத்தது" என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். படித்த வரைக்கும் எனக்குத் தோன்றுவது வேறு. 1980களில் பூட்டுப் போட்டது கடைசி வேலைதான். கைவிட்டது அதற்கு முப்பது வருடம் முன்னாலேயே. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

உலையடி எழுதியது:

ஒரு பொதுத்துறை உருக்காலையில் எஸ்.எம்.எஸ். (எஃகு உருக்கும்) பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அரசியல் எனக்கு வராது, உலை தெரியும். அதை வைத்துச் சொல்கிறேன்.

ஊதுலையிலிருந்து வருவது வார்ப்பிரும்பு. அதில் கரி அதிகம். கரியை எரித்து எடுத்தால்தான் எஃகு. பழைய முறை ஓப்பன் ஹார்த்: ஒரு ஹீட் (ஒரு தடவையில் உருக்கும் எஃகு) இறக்க எட்டு மணி நேரம் போல ஆகும். 1952ல் ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரில் எல்.டி. கன்வர்ட்டர் என்ற ஆக்சிஜன் உலை வந்தது. மேலிருந்து சுத்தமான ஆக்சிஜனை ஊதுவார்கள், முக்கால் மணி நேரத்தில் ஹீட் தயார். ஆள், எரிபொருள், நேரம் எல்லாமே மிச்சம். அமெரிக்காவில் அதை முதலில் போட்டது மெக்லவுத் என்ற சின்னக் கம்பெனி, 1954ல். யு.எஸ். ஸ்டீல் அதே 1950களில் பென்சில்வேனியாவின் கிழக்குக் கோடியில் ஃபேர்லெஸ் ஆலையைப் புதிதாகக் கட்டியது. அங்கேயும் ஓப்பன் ஹார்த்தான் போட்டார்கள்.

டுகேனிலும் எட்கர் தாம்சனிலும் பிறகு ஆக்சிஜன் உலை வந்தது. ஹோம்ஸ்டெட்டில் வரவே இல்லை. கடைசி வரை அங்கே ஓப்பன் ஹார்த்தில்தான் உருக்கினார்கள். நம் ரூர்கேலாவில் 1960 வாக்கிலேயே எல்.டி. ஓடியது என்பதை நினைத்துப் பாருங்கள்.

அடுத்தது தொடர் வார்ப்பு. பழைய வழியில் எஃகை அச்சில் ஊற்றி, இங்காட்டாக (கட்டியாக) ஆறவைத்து, மறுபடி குழியில் சூடேற்றி, பிறகு உருட்டி ஸ்லாப் (தடித்த பாளம்) ஆக்க வேண்டும். தொடர் வார்ப்பில் திரவ எஃகு நேராக ஸ்லாப் ஆகிவிடும். 1980ல் ஜப்பானில் சுமார் 60 சதவீத எஃகு இப்படி வந்தது. அமெரிக்காவில் சுமார் 20 சதவீதம். எட்கர் தாம்சனுக்குத் தொடர் வார்ப்பு எந்திரம் வந்ததே 1992ல். பள்ளத்தாக்கு காலியான பிறகு.

எண்ணெய் போடாமல் வண்டியை ஓட்டிவிட்டு மாடு சரியில்லை என்று அடித்த கதைதான் இது.

கணக்கன் எழுதியது:

உலையடி சார், தொழில்நுட்பம் நீங்கள் சொன்னபடிதான். ஆனால் புதிய உலையை ஏன் அங்கே போடவில்லை என்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது.

அந்தப் பள்ளத்தாக்கு 19ஆம் நூற்றாண்டுக்கு ஏற்ற இடம். அந்தக் காலத்தில் ஒரு டன் இரும்பு எடுக்க ஒரு டன்னுக்கும் மேல் கோக் வேண்டும், அந்தக் கோக்குக்கு இன்னும் அதிகமாக நிலக்கரி வேண்டும். பக்கத்திலேயே கானெல்ஸ்வில் நிலக்கரி, கோக்குக்கு அதைப்போல் கிடைக்காது. அதனால் மினசோட்டாவிலிருந்து தாதுவைக் கப்பலில் ஈரி ஏரிக்குக் கொண்டுவந்து, ரயிலில் ஏற்றி, பிட்ஸ்பர்க்குக்கு இழுத்து வந்தாலும் லாபம் நின்றது. உலைகள் தேறத் தேற கோக் தேவை குறைந்தது. அப்புறம் நிலக்கரியை ஏரிக்கரைக்குக் கொண்டுபோவதே மலிவு. யு.எஸ். ஸ்டீல் 1906ல் இந்தியானாவின் ஏரிக்கரையில் கேரி நகரத்தைக் கட்டத் தொடங்கியது இதனால்தான்.

இதில் ஒரு வேடிக்கை. கேரியிலேயே எஃகு வாங்கினாலும் பிட்ஸ்பர்க்கிலிருந்து வரும் ரயில் கட்டணத்தைச் சேர்த்துத்தான் விலை போடுவார்கள். 'பிட்ஸ்பர்க் பிளஸ்' என்று பெயர். 1924ல் அரசு ஆணையம் தடை போட்ட பிறகுதான் நின்றது. அதாவது அந்தப் பள்ளத்தாக்கின் மவுசு அப்போதே பாதி செயற்கையானது.

இடமும் கிடையாது. ஒரு பக்கம் ஆறு, ஒரு பக்கம் மலை, நடுவே ஒடுங்கிய சமதரை. ஹோம்ஸ்டெட்டுக்கு இரும்பு எதிர்க்கரையில் இருந்த கேரி ஊதுலைகளிலிருந்து பாலம் தாண்டிக் கொதிக்கக் கொதிக்க வந்தது. (பெயர் ஒன்றாக ஒலித்தாலும் இந்தியானா கேரி வேறு, இது வேறு.) நவீன ஆலை நேர்கோட்டில் ஒரு மைலுக்கு மேல் நீளும், அதை அங்கே எங்கே வைப்பது?

சங்கத்தையும் ஒரேயடியாகக் கழுவிவிட முடியாது. 1959ல் 5 லட்சம் பேர் 116 நாள் வேலைநிறுத்தம். வாடிக்கையாளர்கள் அப்போதுதான் வெளிநாட்டு எஃகைத் தொட்டுப் பார்த்தார்கள், பரவாயில்லையே என்று பிடித்துப்போனது. அந்த வருடம் ஏற்றுமதியை இறக்குமதி தாண்டியது. 1973ல் 'இனி வேலைநிறுத்தம் இல்லை, பதிலுக்கு வருடம் 3 சதவீத உயர்வு, அதன் மேல் விலைவாசிப்படி' என்று கம்பெனிகளும் சங்கமும் ஒப்பந்தம் போட்டன. 1970களின் பணவீக்கத்தில் அது எங்கே கொண்டுபோய் விட்டிருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். பிறகு வட்டி ஏறியது, டாலர் ஏறியது. 1982ல் நாட்டின் உருக்காலைகள் தங்கள் திறனில் பாதிகூட ஓடவில்லை. இன்னொரு பக்கம் நியூகோர் போன்றவர்கள் பழைய இரும்பை மின்வில் உலையில் (மின்சாரத்தால் உருக்கும் உலை) உருக்கி, சங்கமே இல்லாத ஊர்களில் ஆலை போட்டார்கள்.

இத்தனையும் சேர்ந்த பிறகு யார் முதலாளியாக இருந்தாலும் மூடித்தான் இருப்பார்கள்.

மே தினம் எழுதியது:

'யார் முதலாளியாக இருந்தாலும்' என்பதில்தான் எனக்குச் சண்டை.

1979 நவம்பரில் யு.எஸ். ஸ்டீல் நாடு முழுக்கப் பல ஆலைகளை மூடி 13,000 பேரை அனுப்புவதாக அறிவித்தது. சொன்ன காரணம்: கையில் பணம் இல்லை, இறக்குமதி நசுக்குகிறது. இறக்குமதிக்குக் கட்டுப்பாடு கேட்டார்கள், வரிச்சலுகை கேட்டார்கள். 1981ல் ரீகன் அரசு எந்திரத் தேய்மானத்துக்கான வரிச்சலுகையைத் தாராளமாக்கியது. அதே கம்பெனி 1982 தொடக்கத்தில் மாரத்தான் ஆயிலை 6 பில்லியன் டாலர் அளவுக்குக் கொடுத்து வாங்கியது. எண்ணெய்க் கம்பெனி! எஃகில் போட இல்லாத பணம் எண்ணெயில் போட எங்கிருந்து வந்தது? அப்போதைய தலைவர் டேவிட் ரோடரிக் ஒளிவுமறைவில்லாமல் பேசுவார். நிர்வாகத்தின் கடமை பணம் பண்ணுவது, எஃகு பண்ணுவது அல்ல என்பது அவர் கட்சி. 1986ல் கம்பெனி தன் பெயரிலிருந்தே எஃகை எடுத்துவிட்டு யு.எஸ்.எக்ஸ். ஆனது. அதே வருடம்தான் ஹோம்ஸ்டெட் மூடப்பட்டது. ஆகஸ்டில் தொடங்கிய வேலை நிறுத்தம், கதவடைப்பு ஆறு மாதம் நீடித்தது.

ஒடுங்கிய பள்ளத்தாக்கு என்கிறீர்கள். 1941ல் போருக்காக ஹோம்ஸ்டெட்டை விரிவாக்க ஆற்றங்கரையில் ஒரு பேட்டையையே காலி செய்தார்கள். 8,000 பேர் வரை வீடு இழந்தார்கள். தேவை என்றால் இடம் கிடைத்தது.

1892ஐயும் சொல்லிவிடுகிறேன். தொழிலாளர் போராட்டத்தை அடக்க ஜூலை 6ஆம் தேதி கார்னகியின் நிர்வாகி ஃப்ரிக் அனுப்பிய 300 பிங்கர்ட்டன் (தனியார் கம்பெனி) காவல்காரர்கள் படகில் வந்து ஹோம்ஸ்டெட்டில் இறங்கப் பார்த்தார்கள், துப்பாக்கிச் சண்டை நடந்தது, இரண்டு பக்கமும் ஆட்கள் செத்தார்கள். சங்கம் உடைந்தது. 1937ல்தான் யு.எஸ். ஸ்டீல் சங்கத்தை அங்கீகரித்தது. நடுவில் 45 வருடம் சங்கத்துக்கு அங்கே இடமில்லை. நாளைக்கு 12 மணி நேர வேலை 1923 வரை இருந்தது. சங்கம் கெடுத்தது என்பவர்கள் சங்கம் இல்லாத காலம் எப்படி இருந்தது என்றும் பார்க்க வேண்டும்.

இளையவன் எழுதியது:

ஒரு சந்தேகம். தொழிலாளர்களே சேர்ந்து ஆலையை வாங்கி நடத்தியிருக்க முடியாதா? யாரும் முயற்சி செய்யவில்லையா?

மே தினம் எழுதியது:

முயன்றார்கள் தம்பி. டுகேனில் 'டாரதி சிக்ஸ்' என்று ஓர் ஊதுலை. 1960களில் கட்டியது, கம்பெனித் தலைவர் ஒருவரின் மனைவி பெயர். உற்பத்தியில் சாதனை படைத்த உலை. 1984ல் அதை அணைத்து, இடிக்கப்போகிறோம் என்றார்கள். தொழிலாளிகள் சம்பளம் இல்லாமல் உள்ளே போய், குளிரில் குழாய்கள் உறைந்து வெடிக்காமல் பாதுகாத்தார்கள். யாராவது வாங்க வருவார்கள் என்ற நம்பிக்கைதான். பள்ளத்தாக்கு ஊர்கள் சேர்ந்து 'ஸ்டீல் வேலி அத்தாரிட்டி' என்ற அமைப்பையும் உண்டாக்கின. தேவைப்பட்டால் ஆலையைப் பொதுநலனுக்காகக் கையகப்படுத்தும் அதிகாரம் அதற்கு இருந்தது. ஆனால் முதல் போட யாரும் வரவில்லை. 1988ல் உலையை வெடிவைத்துச் சாய்த்தார்கள்.

எல்லைக்கு அந்தப் பக்கம் ஓஹையோவின் மஹோனிங் பள்ளத்தாக்கில் இதற்கு முன்பே நடந்தது. 1977 செப்டம்பர் 19, திங்கள்கிழமை. யங்ஸ்டவுன் ஷீட் அண்ட் டியூப் தன் கேம்பெல் ஆலையை மூடுகிறோம் என்றது. 5,000 வேலை. அங்கே பாதிரியார்களும் ஊர்க்காரர்களும் சேர்ந்து ஆலையை வாங்கத் திட்டம் போட்டு, மத்திய அரசிடம் கடன் உத்தரவாதம் கேட்டார்கள். 1979ல் கார்ட்டர் அரசு கைவிரித்தது.

கணக்கன் எழுதியது:

வீர்ட்டனையும் சொல்ல வேண்டும். மேற்கு வர்ஜீனியாவில் ஓஹையோ ஆற்றங்கரை ஊர். 1984ல் தொழிலாளர்களே ஆலையை வாங்கினார்கள். சம்பளத்தைத் தாங்களே குறைத்துக்கொண்டார்கள். சில வருடம் நன்றாகவே ஓடியது. 2003ல் மஞ்சள் கடுதாசி கொடுத்தது. சொந்தக்காரன் மாறினால் எஃகின் விலை மாறாது.

மே தினம் எழுதியது:

ஏறக்குறைய இருபது வருடம் ஓடியது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். 50 வயதில் வேலை போவதும் 68 வயது வரை சம்பளம் வாங்குவதும் ஒன்றா?

பவானி எழுதியது:

இத்தனை பதிவிலும் ஆலைக்கு உள்ளே யார் யார் எங்கே நின்றார்கள் என்று ஒரு வார்த்தை இல்லை.

கறுப்பினத் தொழிலாளிகளுக்குப் பெரும்பாலும் கிடைத்தது கோக் சூளை, ஊதுலை அடி போன்ற வெக்கையும் புகையுமான வேலைகள். பணிமூப்பைப் பிரிவு பிரிவாகக் கணக்கிட்டார்கள். கோக் சூளையில் 20 வருடம் இருந்தவன் ரோலிங் மில்லுக்கு மாறினால் அங்கே புதியவனாகத்தான் சேர வேண்டும். அதனால் மாற மாட்டார்கள். 1974ல் ஒன்பது கம்பெனிகளும் சங்கமும் நீதிமன்ற உடன்பாட்டில் கையெழுத்திட்ட பிறகுதான் ஆலை முழுவதற்கும் ஒரே பணிமூப்பு வந்தது. பெண்களை எடுப்பதற்கும் இலக்கு வைத்தார்கள். அப்போதுதான் பெண்கள் கணிசமாக உள்ளே வந்தார்கள்.

ஐந்து வருடம் ஆகவில்லை, ஆட்குறைப்பு தொடங்கியது. கடைசியாக வந்தவர்தான் முதலில் வெளியே. கதவு திறந்த சூட்டிலேயே மூடிக்கொண்டது. 'பொற்காலம்' என்று பேசுகிறவர்கள் யாருடைய பொற்காலம் என்று சேர்த்துச் சொன்னால் நல்லது.

அப்புறம் டொனோரா. 1948 அக்டோபர் கடைசி. துத்தநாக ஆலையின் புகை, மேலே வெப்பக்காற்று மூடிபோல் நின்றதால் பள்ளத்தாக்கைவிட்டுப் போகவில்லை. ஐந்து நாளில் 20 பேர் இறந்தார்கள். ஏறக்குறைய 14,000 பேர் இருந்த ஊரில் பாதிப்பேருக்குக் கிட்ட மூச்சுத்திணறல். அமெரிக்காவின் காற்று மாசுச் சட்டங்களுக்கு அந்தச் சம்பவம்தான் விதை. துத்தநாக ஆலை 1957ல் மூடப்பட்டது. எஃகு ஆலைகளும் 1960களில் போயின. ஜப்பான் எஃகு பெரிய அளவில் வருவதற்கு முன்பே டொனோரா காலி. ஆகவே எல்லா ஊருக்கும் ஒரே காரணத்தை ஒட்ட வேண்டாம்.

உலையடி எழுதியது:

பவானி அம்மா சொல்வது உண்மை. கோக் சூளை மேல்தளத்தில் நின்றவனுக்குத்தான் அந்த வெக்கை தெரியும். மரக்கட்டை அடித்த செருப்போடு நிற்போம். ஆலை போனது நல்லதா என்று கேட்டால் எனக்குப் பதில் வராது. நான் சோறு தின்றது அதில்தான்.

ஆற்றங்கரையான் எழுதியது:

ஊர்களின் இன்றைய நிலைமையையும் சொல்லிவிடுகிறேன்.

பிராடக்கில் 1920களில் 20,000 பேர் இருந்தார்கள். 2020 கணக்கெடுப்பில் 2,000கூட இல்லை. ஆலை மூடாத ஊரிலேயே இந்தக் கதி! ஆலை ஓடுகிறது, ஆனால் வேலை செய்பவர்கள் வேறு இடத்திலிருந்து காரில் வந்து போகிறார்கள். ஊரின் மருத்துவமனையை யு.பி.எம்.சி. என்ற மருத்துவமனைக் குழுமம் 2010 ஜனவரியில் மூடிவிட்டது. அந்த யு.பி.எம்.சி.தான் இப்போது பிட்ஸ்பர்க்கில் முதன்மையான முதலாளி. நகர மையத்தில் யு.எஸ். ஸ்டீல் கட்டிய 64 மாடிக் கட்டடத்தின் உச்சியில் இன்று எரிவது அதன் பெயர்ப்பலகை.

கார்னகி அமெரிக்காவில் கட்டிய முதல் நூலகம் பிராடக்கில்தான், 1889ல் திறந்தது. உள்ளே குளியலறைகூட வைத்துக் கொடுத்தார். 12 மணி நேரம் உலை முன்னால் நின்றவன் அங்கே போய் என்ன படித்திருப்பான் என்பது வேறு விஷயம்.

ஹோம்ஸ்டெட் ஆலை நின்ற இடத்தில் 1999 முதல் 'வாட்டர்ஃபிரன்ட்' என்ற கடைவீதி. சினிமா, உணவகம், பெரிய பெரிய கார் நிறுத்தம். ஆலையின் 12 செங்கல் புகைபோக்கிகளை மட்டும் வரிசையாக விட்டுவைத்திருக்கிறார்கள். பலர் அவற்றை ஏதோ அலங்காரம் என்று நினைத்து முன்னால் நின்று படம் எடுக்கிறார்கள். போர்க்காலத்தில் 15,000 பேர் வேலை பார்த்த இடம்.

பிட்ஸ்பர்க் தேறிவிட்டது என்பார்கள். மருத்துவம், பல்கலைக்கழகம், ரோபோ எல்லாம் வந்தது உண்மை. ஆனால் 1983ல் வட்டாரத்தின் வேலையின்மை 17 சதவீதத்தைத் தாண்டியபோது கிளம்பிப் போன இளைஞர்கள் திரும்பி வரவில்லை. நகரத்தின் மக்கள்தொகை 1950ல் 6.77 லட்சம், 2020ல் 3.03 லட்சம். பள்ளத்தாக்கு ஊர்களுக்குத் தேறுதல் கணக்கே வரவில்லை. இந்த ஊர்களின் வரி வருமானம் ஆலையோடு போனது. பள்ளிக்கூடம், போலீஸ், தெருவிளக்கு எல்லாம் அதிலிருந்துதான் வந்துகொண்டிருந்தன.

கணக்கன் எழுதியது:

வருத்தமான நிலைமைதான், மறுக்கவில்லை. அமெரிக்கா ஊரைக் கம்பெனியோடு சேர்த்துக் கட்டிவைத்ததும் ஒரு பிழை. ஆலை மூடுவதற்கு 60 நாள் முன்னால் சொல்ல வேண்டும் என்ற சட்டமே 1988ல்தான் வந்தது. சவுத் சைடு ஆலையை வைத்திருந்த எல்.டி.வி. 1986 ஜூலையில் திவாலானபோது, ஓய்வு பெற்றவர்களின் மருத்துவக் காப்பீட்டை ஒரே நாளில் நிறுத்தியது. நாடாளுமன்றம் தலையிட வேண்டியிருந்தது. மூடியது தவிர்க்க முடியாதது என்பேன். மூடிய விதம் தவிர்த்திருக்கக்கூடியது. அந்த அளவுக்கு மே தினத்தோடு ஒத்துப்போகிறேன்.

மே தினம் எழுதியது:

அந்த அளவு எனக்குப் போதாது! ஏனென்றால் இதே நாடகம் சமீபத்தில் மறுபடி நடந்தது. 2019ல் யு.எஸ். ஸ்டீல் எட்கர் தாம்சனில் 1 பில்லியன் டாலருக்கு மேல் போட்டு, வார்ப்பும் உருட்டலும் ஒரே தொடராக நடக்கும் புதிய ஆலை கட்டுவதாக அறிவித்தது. ஊரே கொண்டாடியது. அதே வருடம் ஆர்கன்ஸாவில் பிக் ரிவர் ஸ்டீல் என்ற மின்வில் உலைக் கம்பெனியில் பாதிப் பங்கு வாங்கியது. 2021 ஜனவரியில் மீதியையும் வாங்கியது. ஏப்ரலில் பிராடக் திட்டத்தைக் கைவிட்டது. மாரத்தான் இருந்த இடத்தில் பிக் ரிவர். வேறென்ன மாற்றம்?

கணக்கன் எழுதியது:

மாரத்தானில் போட்டது எண்ணெய்க்குப் போனது. பிக் ரிவரில் போட்டது எஃகுக்கே போனது. நான் அந்த நாற்காலியில் இருந்தாலும் அங்கேதான் போட்டிருப்பேன். முதலீட்டாளன் பணம் ஊர்ப்பற்றுக்கு இல்லை.

உலையடி எழுதியது:

ஒரு விஷயம். இர்வினில் இருக்கும் உருட்டாலை 1938ல் தொடங்கியது. பிராடக்கில் வார்த்த ஸ்லாபை ரயிலில் இர்வினுக்குக் கொண்டுபோய், ஆறியதை மறுபடி சூடேற்றி உருட்டுகிறார்கள். 2019 திட்டம் இந்த இரட்டை வேலையைத்தான் ஒழித்திருக்கும். அது போனபோதே அந்தப் பள்ளத்தாக்கின் ஆயுளைக் கம்பெனி எவ்வளவு என்று மதிப்பிட்டிருக்கிறது என்பது எனக்குப் புரிந்தது. பழைய எந்திரத்தில் உற்பத்தியைவிட முதலில் அடிபடுவது பாதுகாப்பு. 2018 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் கிளேர்ட்டனில் தீ விபத்து. 2025 ஆகஸ்ட் 11ல் அங்கேயே வெடிப்பு, இரண்டு பேர் செத்தார்கள்.

இளையவன் எழுதியது:

இப்போது ஜப்பானின் நிப்பான் ஸ்டீல் யு.எஸ். ஸ்டீலை வாங்கிவிட்டதே? ஜப்பான்காரனால் மூடியது என்றார்கள், கடைசியில் ஜப்பான்காரன் வந்து காப்பாற்றுகிறானா?

ஆற்றங்கரையான் எழுதியது:

2023 டிசம்பரில் அறிவித்தார்கள். 2025 ஜனவரியில் பைடன் தடுத்தார். ஜூனில் டிரம்ப் ஒப்புக்கொண்டு முடிந்தது, அமெரிக்க அரசுக்கு ஒரு 'தங்கப் பங்கு' (சில முக்கிய முடிவுகளைத் தடுக்கும் உரிமை) வைத்து. சங்கத்தின் தலைமை கடைசி வரை எதிர்த்தது. ஆனால் இந்தப் பள்ளத்தாக்கின் தொழிலாளிகளில் பலர் வெளிப்படையாக ஆதரித்தார்கள். காரணம் எளிது: மான் வேலியில் (இந்தப் பள்ளத்தாக்கின் சுருக்கப் பெயர்) குறைந்தது 1 பில்லியன் டாலர் போடுகிறோம், உருட்டாலையைப் புதுப்பிக்கிறோம் என்று நிப்பான் சொன்னது. சொந்த நாட்டுக் கம்பெனி சொல்லிவிட்டுப் பின்வாங்கிய அதே வேலை.

பவானி எழுதியது:

அந்தப் பணத்தில் கிளேர்ட்டன் கோக் சூளைகளின் கதவுகளுக்கு எவ்வளவு என்று யாராவது கேட்டால் தேவலை. காற்று மோசம் என்று எச்சரிக்கை வரும் நாளில் அங்கே குழந்தைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். வேலையும் வேண்டும், மூச்சும் வேண்டும் என்று கேட்பது பேராசை இல்லை.

இளையவன் எழுதியது:

சரி. அடுத்த கோடையில் பிட்ஸ்பர்க் வருகிறேன். இதையெல்லாம் நேரில் பார்க்க வழி உண்டா?

ஆற்றங்கரையான் எழுதியது:

உண்டு. ரான்கின் பக்கம் கேரி ஊதுலைகளில் 6, 7 இரண்டையும் இடிக்காமல் வைத்திருக்கிறார்கள். 1907 வாக்கில் கட்டியவை, 92 அடி உயரம். 2006ல் தேசிய வரலாற்றுச் சின்னமானது. 'ரிவர்ஸ் ஆஃப் ஸ்டீல்' என்ற அமைப்பு வெயில் காலத்தில் ஆள் வைத்துச் சுற்றிக்காட்டுகிறது, முன்பதிவு வேண்டும். மூடிய ஷூ போட்டு வாருங்கள், செருப்போடு போனால் சிரமம். அதை முடித்துக்கொண்டு பாலம் தாண்டினால் வாட்டர்ஃபிரன்ட். 1892 சண்டை நடந்த பம்ப் ஹவுஸ் அங்கேதான், டிக்கெட் கிடையாது. எட்கர் தாம்சனுக்குள் விட மாட்டார்கள். எதிர்க்கரையில் கென்னிவுட் பொழுதுபோக்குப் பூங்கா இருக்கிறது. பிள்ளைகளை அங்கே ராட்டினத்தில் ஏற்றிவிட்டு நீங்கள் ஆலையைப் பார்க்கலாம்.